தவளைகளைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ பேசி நான்கு மாதம் ஆகிறது. உனக்கு வேலை மிகுதி என்று உன் அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். அவளுடைய முழங்கால் இப்போது பரவாயில்லை, சித்தி வீட்டு விஷயமும் ஒருவழியாக முடிந்துவிட்டது. மற்றதையெல்லாம் அவளே உனக்கு எழுதுவாள்.

நான் எழுத உட்கார்ந்தது உன் கண்காட்சிக்கான அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி. நாற்பது தவளைகளை அதற்குள் விட்டு, அவை கத்தும்போதெல்லாம் விளக்குகள் எரிந்து அணையும்படி அமைக்கப்போவதாகச் சொன்னாய். அதில் மறைவிடம் ஒன்று வைக்க மறந்துவிடாதே. ஈரப்பாசியோ, கவிழ்த்துப்போட்ட மண்சட்டியோ, எதுவானாலும் சரி. தவளை தோலாலும் மூச்சுவிடும் உயிர் என்பதையும், தோல் காய்ந்தால் அதன் மூச்சே குறையும் என்பதையும், கண்ணாடி ஒரு தடை என்று அதற்குப் புரியாததால் முட்டி முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும் என்பதையும் முப்பத்தோராண்டு விலங்கியல் கற்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பெரும்பாலும் இருட்டில் கத்தும் உயிர்களை விளக்கடியில் வைத்தால் அவை வாயடைத்துப் போகவும் கூடும். ஆகவே மறைவிடம் அவசியம்.

இந்த நான்கு மாதமாக நான் உன் துறையான கலையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எனக்குப் பிடிபட்டது பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1991-இல் கண்ணாடித் தொட்டியில் வைத்த புலிச்சுறா. செத்த உடலை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் நான் வாழ்நாள் முழுக்க முகர்ந்த பொருள் அல்லவா? நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள உடலுக்குள் ஃபார்மலின் தானாக இறங்கிவிடாது, ஊசியால் உள்ளே செலுத்த வேண்டும். அது சரிவரச் செய்யப்படாததால் சுறா அழுகியது, திரவம் கலங்கியது, தோல் சுருங்கியது. கடைசியில் 2006-இல் வேறொரு சுறாவை முறையாகப் பாடம் செய்து அதன் இடத்தில் வைத்தார்கள். சாவைப் பற்றிய படைப்பு என்ற அளவில் அதன் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் சுறாவை ஒழுங்காகப் பதப்படுத்தாததற்காக இரண்டாவது சுறா சாக வேண்டியிருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

யானிஸ் கூனெல்லிஸ் 1969-இல் ரோம் நகரக் கலைக்கூடம் ஒன்றில் உயிருள்ள பன்னிரண்டு குதிரைகளைச் சுவரோரம் கட்டி நிறுத்தினார். குதிரையை வரைவதற்குப் பதில் குதிரையையே, அதன் மூச்சோடும் சாணத்தோடும் கொண்டுவந்து நிறுத்தியதில் அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல் இருந்திருக்கும். எனக்கு அதைவிட மனத்தில் நின்றது யோசெஃப் பாய்ஸ் 1974-இல் நியூயார்க்கில் கயோட்டி என்னும் காட்டு நாயினத்தோடு மூன்று நாள் ஓர் அறையில் தங்கியதுதான். அவர் போர்த்திக்கொண்ட கம்பளத்தை அது கடித்து இழுத்தது, நாள்தோறும் கொண்டுவந்து போட்ட செய்தித்தாள்களின் மேல் சிறுநீர் கழித்தது. அந்த விலங்கால் மறுப்புச் சொல்ல முடிந்தது என்பதே அந்தப் படைப்பின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. டக்ளஸ் கார்டன் 2003-இல் எடுத்த காணொளிப் படைப்பில், பழக்கப்படுத்தப்பட்ட யானை ஒன்று வெற்றுக் கூடத்தில் கட்டளைக்கேற்பப் படுக்கிறது, பிறகு எழுகிறது. படுப்பதைவிட எழுவது அதற்கு எவ்வளவு பாடு என்பதைக் கேமரா சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. அதற்கு மறுக்கத் தெரியாது, அப்படிப் பழக்கிவிட்டார்கள். உன் தவளைகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

நீ கரித்துண்டால் வரைந்த கழுதைகளை நான் இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். கழுதையின் தோளில் சுமை அழுத்திய தழும்பை அவ்வளவு சரியாக வரைந்தவர்கள் என் மாணவர்களிலும் இல்லை, நான் பார்த்த பாடநூல்களிலும் இல்லை. அந்தக் கை இருக்கும்போது கண்ணாடிப் பெட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் அது என் கேள்வி அல்ல, உன் வேலை. நீலகிரியின் பழங்குடிக் கைவினைஞர்கள், காட்டை நெருக்கிப் பரவும் உண்ணிச்செடியின் தண்டுகளையே வளைத்து, உண்மையில் வாழும் யானைகளின் சாயலில் முழு அளவு யானைகளைச் செய்தார்கள், 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. லூயீஸ் புர்ஷ்வா 1999-இல் உருவாக்கிய ஒன்பது மீட்டருக்கும் உயரமான சிலந்தி, திரைச்சீலைகளின் கிழிசல்களைச் சீராக்கிவந்த தன் தாயின் நினைவு. தாயைச் சிலந்தியாக்கினால் கோபம் வராதா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "அறுந்த வலையைத் திரும்பப் பின்னுகிற பூச்சிதானே, இதில் கோபப்பட என்ன இருக்கிறது?" என்றாள். நீ அவளுக்கு மட்டுமாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இன்னொன்றையும் படித்தேன். 2000-இல் டென்மார்க்கின் கோல்டிங் நகர அருங்காட்சியகத்தில் மார்கோ எவரிஸ்டி பத்து மிக்சிகளில் தண்ணீர் ஊற்றித் தங்கமீன்களை விட்டு, விரும்புகிறவர்கள் பொத்தானை அழுத்தலாம் என்று வைத்தார். அழுத்தியவர்கள் இருந்தார்கள். அருங்காட்சியக இயக்குநர்மீது விலங்குவதை வழக்கு வந்தது, மீன்கள் நொடியில் செத்துவிட்டதால் அது வதை ஆகாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நியாயத்தைப் பற்றிய யோசனையால் அல்ல. கண்காட்சி முடிந்தபின் தவளைகள் எங்கே போகும் என்று தொலைபேசியில் நான் கேட்டபோது, "அவற்றுக்கு ஒன்றும் தெரியாது அப்பா" என்றாய். நான் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் உன்னுடையது அல்ல.

உனக்கு அப்போது ஒன்பது வயது. உன் பள்ளி விடுமுறையில் என்னோடு ஆய்வகத்துக்கு வந்திருந்தாய். செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களிலும் ஊசி குத்தி, வயிற்றைத் திறந்து இதயத் துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த குளோரோஃபார்ம் போதவில்லை. அது விழித்துக்கொண்டது. "அப்பா, அது பார்க்கிறது" என்றாய். "அதற்கு ஒன்றும் தெரியாது" என்றேன். தலை நீக்கிய தவளையும் அமிலம் பட்ட இடத்தைக் காலால் துடைக்கும், ஆகவே அசைவு வெறும் அனிச்சைச் செயல் என்று வகுப்பில் நான் விளக்குவது வழக்கம். தலையோடு கிடந்த தவளைக்கும் அதையே விளக்கினேன். வலிநிவாரணி கொடுத்தால் தவளை அப்படித் துடைப்பது குறைகிறது என்பதைப் பிற்காலத்தில் படித்து, அதனால்தான் எனக்குத் தெரிந்தது என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை. அன்றே எனக்குத் தெரியும். மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாடத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் மயக்கமருந்து கொடுக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

நீ அழுகையை நிறுத்தினாய். என் மகளுக்குத் தைரியம் அதிகம் என்று அன்று மாலை எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் சொன்னேன், நீ ஓவியம் படிக்கப் போனபோதும் சொன்னேன்.

அன்றிரவே அந்தத் தவளையை நீ ஒரு தாளில் வரைந்துகொண்டு வந்து கொடுத்தாய். இதயத்துக்கு இரண்டே அறை வரைந்திருந்தாய். மூன்று என்று சொல்லி, விட்டுப்போன அறையைச் சிவப்பு மையால் நானே வரைந்து சேர்த்து, தாளைத் திருப்பிக் கொடுத்தேன். போன வாரம் உன் நீலப் பெட்டியைத் திறந்து அதை எடுத்துப் பார்த்தேன். நீ கண்களைத் திறந்தபடி வரைந்திருக்கிறாய், மேலே பார்க்கும்படி. அன்று அதை நான் கவனிக்கவே இல்லை.

பெட்டிக்குள் மறைவிடம் வை. அல்லது நாற்பதும் வேண்டாம் என்று உனக்கே தோன்றினால் விட்டுவிடு, அதனால் உன் பெயருக்குக் குறைவு வராது. எப்படியானாலும் வேளைக்குச் சாப்பிடு, இரவில் விழித்து வேலை செய்யாதே, மறைவிடத்தை மறந்துவிடாதே.

அந்தப் படத்தை இதோடு வைத்து அனுப்புகிறேன். சிவப்பு மை என்னுடையது.

அப்பா