மீன் கடைசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் மீன்தொட்டி வைப்பதை வரவேற்றுத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டி அவசியம் வேண்டும். ஆனால் வாங்கிய அன்றே அதில் மீனை விடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை நான்கு தங்கமீன், அடுத்த திங்கட்கிழமை ஒன்றே ஒன்று என்பது பள்ளிகளுக்குப் பழகிப்போன காட்சி.

மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. மீனுக்கு நஞ்சான அதை நைட்ரைட்டாக மாற்ற ஒருவகை பாக்டீரியா, அதேபோல் நஞ்சான நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் இவை ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே பளிங்குபோல் இருக்கும் புதுத் தண்ணீர்தான் மீனுக்கு ஆபத்து. இது தெரியாமல், மீன் செத்ததும் மணலைக் கொட்டிக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி நிரப்புகிறார்கள். கொஞ்சம் சேர்ந்திருந்த பாக்டீரியாவும் போய், கதை முதலிலிருந்து தொடங்குகிறது. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால், அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்த பிறகே அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும். அவசரமென்றால் வேதியியல் ஆய்வகத்து ஹைப்போவில் (சோடியம் தயோசல்ஃபேட்) சில படிகங்கள் போதும். நடப்பிலுள்ள தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைத்தால் காத்திருக்கும் காலம் குறையும்.

இந்த ஆறு வாரத்தில்தான் பாடமே இருக்கிறது. தொட்டி பக்குவமாகும்வரை, தனியாக ஐந்து லிட்டர் அகன்ற வாய் ஜாடியில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கழுவிய ஆற்றுமணல், ஒரு கைப்பிடி குளத்துச் சேறு, மேலே குளத்துத் தண்ணீர், இரண்டு மூன்று ஹைட்ரில்லா நீர்ச்செடித் தண்டு, இரண்டு சிறு நத்தை. நேர்வெயில் படாத வெளிச்சமான ஜன்னலோரம் வைக்கவேண்டும். வெயிலில் வைத்தால் தண்ணீர் பச்சையாகி, சூடேறி, ஆக்சிஜன் குறையும். குளத்துக்குப் போய்த் தண்ணீர் எடுப்பது ஆசிரியர் வேலை, குழந்தைகள் வேலை அல்ல. எலிக்காய்ச்சல் அபாயம் உள்ளதால் கையில் புண் உள்ளவர்கள் தொட வேண்டாம். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஜாடி வாயைக் கொசுவலைத் துணியால் கட்டாவிட்டால் பத்தே நாளில் வகுப்பறையில் கொசு பறக்கும். அதற்காக வந்திருக்கும் புழுக்களை உடனே கொட்டிவிடவும் வேண்டாம். தண்ணீர்ப் பரப்போடு படுத்தாற்போல் கிடந்தால் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். கைலென்ஸ்கூட இல்லாமல் ஆறாம் வகுப்புக் குழந்தை பிரித்துச் சொல்லிவிடும். காற்புள்ளிபோல் வளைந்த கூட்டுப்புழு தென்பட்டதும் டீ வடிகட்டியால் வடித்துவிட வேண்டும். சேற்றைத் தண்ணீரில் கலக்கி வெள்ளைத் தட்டில் பரப்பினால் மற்றவையும் தெரியும். வெறும் சிவப்புப் புழுக்களாக இருந்தால் அது ஆக்சிஜன் குறைந்த சேறு. அவற்றின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் உள்ள அதே வகைப் பொருள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் வானவில் மன்ற அறிவியல் செயல்முறை வகுப்புகளுக்கு அச்செடுத்தாற்போல் பொருந்தும் சோதனை ஒன்றுண்டு. புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியின் 0.04 சதவீதக் கரைசலை 100 மில்லி தண்ணீருக்கு 2 மில்லி சேர்த்தால் நீலநிறம் வரும். ஸ்ட்ராவால் ஊதினால் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அமிலமாகி அதை மஞ்சளாக்கும். (குழந்தை உறிஞ்சிவிடாதிருக்க ஸ்ட்ராவின் மேற்பகுதியில் ஊசியால் ஓட்டை போடுங்கள்.) மஞ்சளான தண்ணீரை மூன்று சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒன்றில் எதுவும் போடாமலும், மற்ற இரண்டில் ஹைட்ரில்லாத் துண்டு போட்டும் மூடுங்கள். செடியுள்ள ஒன்றைக் கறுப்புத்தாளால் சுற்றிவிடுங்கள். ஊதாத நீலத் தண்ணீர் உள்ள நான்காவதில் ஒரு சிறு நத்தை. நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் சுற்றாத செடிக்குழாய் பச்சையாகி நீலத்துக்குத் திரும்பும். சுற்றியது மஞ்சளாகவே நிற்கும். நத்தைக்குழாய் மெல்ல மஞ்சளை நோக்கிப் போகும். செடி வெளிச்சத்தில் மட்டுமே கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கரும்பலகையில் எத்தனை சமன்பாடு எழுதினாலும் இப்படிக் காட்ட முடியாது.

இது பல பள்ளிகளில் கைகொடுக்காமல் போவதற்குக் காரணம் போர் தண்ணீர். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை விழுங்கிவிடுவதால் எவ்வளவு ஊதினாலும் நிறம் பச்சையோடு நின்றுவிடும். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு நான்கு பங்கு கேன் தண்ணீர் கலந்தால் சரியாகும். இன்னொன்று, தக்கை தளர்வாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு தப்பித்து, ஒன்றுமே போடாத குழாயும் நீலமாகி எல்லாரையும் குழப்பும். ஸ்பிரிட்டில் கரைத்த நிறங்காட்டியும் வேண்டாம், செடிக்கும் நத்தைக்கும் ஆகாது.

ஆறு வாரம் கழித்து மீன். தங்கமீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். சிறு தொட்டிக்கு அது ஏற்றதல்ல. 20 லிட்டருக்கு மூன்று நான்கு அயிரை போதும், அடியில் நைசான மணல் இருக்கட்டும். அயிரை அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிப்போகும். குடல் வழியாகவும் சுவாசிப்பது அதன் இயல்பு. அதையே கெண்டைக் குஞ்சு விடியற்காலையில் செய்தால் ஆக்சிஜன் பற்றவில்லை என்று பொருள்.

கோடை விடுமுறைக்கு முன் தொட்டியைக் காலிசெய்யும்போதும் கவனம் தேவை. பிடித்த குளத்திலேயே அயிரையை விடலாம். கடையில் வாங்கிய மீன் எதையும், குறிப்பாக 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் தென்னமெரிக்க மீனை, ஏரி குளத்தில் விடவே கூடாது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செடிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடலாம். நைட்ரேட் சேர்ந்த தொட்டித் தண்ணீரைப் பள்ளித் தோட்டத்துக் கத்தரிக்கு ஊற்றுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.