சாக்கடை சென்சார்: எண்ணைச் சரிபார்ப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதாளச் சாக்கடைகளில் சென்சார் பொருத்தி அடைப்பையும் வழிதலையும் முன்கூட்டியே அறிவது பற்றி உங்கள் இதழில் படித்தேன். என்ன செலவு, கட்டுப்பாட்டு அறைத் திரையில் எப்படித் தெரியும் என்பதெல்லாம் இருந்தது. திரையில் வரும் எண் சரிதானா என்று யார் பார்ப்பார்கள் என்பது மட்டும் இல்லை. தொழிற்சாலையில் அளவுக் கருவிகளோடு மாரடிக்கும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான்.

மேன்ஹோல் மூடிக்குக் கீழே தொங்கும் அல்ட்ராசானிக் கருவி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீர் மட்டத்தைக் கணிக்கிறது. நடுவில் சிலந்திவலையோ இரும்புப் படியோ சோப்பு நுரையோ வந்தால் அதையே தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும். கருவியின் முகத்தில் நீர்த்துளி படிந்தாலும் குளறுபடிதான். இன்னொன்று, இந்த வகைக் கருவிகளுக்கு முகத்தருகே ஒரு குருட்டுத் தூரம் உண்டு. தண்ணீர் அதற்குள் ஏறிவிட்டால் அளக்கவே முடியாது. சாக்கடை பொங்கப் போகும் நேரம் பார்த்து உளறும் என்று அர்த்தம். அடியில் வைக்கும் அழுத்த சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் மேல் சேறும் கொழுப்பும் படியும், துணி சுற்றிக்கொள்ளும், நாளாக நாளாகப் பூஜ்யம் நகர்ந்துவிடும், அதாவது தண்ணீரே இல்லாதபோதும் ஏதோ ஒரு அளவைக் காட்டும்.

தப்பான எண்ணும் திரையில் சரியான எண் மாதிரியேதான் இருக்கும். பல கருவிகள் 4 முதல் 20 மில்லியாம்ப் மின்னோட்டமாக அளவைச் சொல்கின்றன. 4 என்றால் பூஜ்யம். கம்பி அறுந்தால் மின்னோட்டமே இருக்காது. பூஜ்யத்தை 4-இல் தொடங்கியதற்கு ஒரு காரணமே அறுந்ததைக் கண்டுபிடிக்கத்தான். மென்பொருள் அமைத்தவர் இதைக் கவனிக்காவிட்டால், அறுந்த கம்பிக்கும் ‘சாக்கடை காலி’ என்று பச்சை விளக்கு எரியும்.

சரிபார்க்கப் பெரிய வித்தை வேண்டாம். குடியிருப்புப் பகுதிச் சாக்கடைக்கு ஒரு தினசரி நடை உண்டு: காலையில் ஏறும், பின்னிரவில் இறங்கும். ஒரு கருவி இரவு 2 மணிக்கு உச்சம் காட்டினால் ஊரே அப்போது குளிக்கிறதா என்ன? அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில், நமக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் ஒரே எண் நின்றாலும் சந்தேகம்தான். கிளைக் குழாய்களின் ஓட்டத்தைக் கூட்டினால் கீழ்க்குழாயின் ஓட்டத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். சென்னையில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய் என்பார்கள். தெருத்தண்ணீர் வடிய மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடும் நமக்கு அந்தக் கதை தெரியும். பெருமழையில் மட்டம் அசையவே இல்லை என்றால் கருவியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

வாயு சென்சார் விஷயத்தில் இந்த அலட்சியம் உயிரை வாங்கும். சாக்கடையில் உண்டாகும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதை உணர்ந்து மின்சாரமாக மாற்றிக் காட்டும் மின்வேதி செல்லுக்கு ஆயுள் கொஞ்சம்தான். செத்த செல்லும் பூஜ்யம்தான் காட்டும். மூக்கையும் நம்ப முடியாது, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் சில நிமிடங்களிலேயே நாற்றம் தெரியாமல் போய்விடும். அதனால் அளவு தெரிந்த வாயுவைக் கொஞ்சம் ஊதி, முள் எகிறுகிறதா என்று பார்த்த பிறகே கருவியைக் கையில் எடுப்போம். மேன்ஹோலுக்குள்ளேயே மாட்டி வைத்த கருவிக்கு இதை யார், எப்போது செய்வார்கள்? மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் சாக்கடைச் சாவுகள் நிற்கவில்லை. ‘திரையில் பூஜ்யம்தான், இறங்குப்பா’ என்று சொல்ல ஒரு சாக்கையும் மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிடக் கூடாது.

எத்தனை சென்சார் மாட்டினார்கள் என்று எண்ணிப் பணம் தரும் ஒப்பந்தம் இதற்கு உதவாது. எவ்வளவு நேரம் நம்பத்தக்க தரவு வந்தது என்று பார்த்துத் தர வேண்டும். துடைத்துக் கழுவவும், மூடியைத் திறந்து அளவுகோலால் ஒத்துப் பார்க்கவும் தனியே நிதி ஒதுக்க வேண்டும். விட்டுப்போன தரவைப் பூஜ்யம் போட்டு நிரப்பாமல் காலியாகவே விடட்டும். சந்தேகமான எண்ணுக்குக் குறி போடலாம், அழிக்கக் கூடாது. அந்தக் குறி பொதுமக்கள் பார்க்கும் பக்கத்திலும் தெரியட்டும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் கட்டுப்பாட்டு அறைக்குப் போனால், திரையில் ஏதாவது ஒரு சென்சாரைக் காட்டி, கடைசியாக இதை எந்தத் தேதியில் துடைத்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், அம்பத்தூர்