கரை திரும்பும் படகிடம் செய்தியைக் கொடுத்தனுப்பலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆழ்கடல் மீனவர்களுக்குத் தகவல் தொடர்பு என்றாலே எல்லோரும் செயற்கைக்கோளைப் பற்றித்தான் பேசுகிறோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போட்டுகள் (விசைப்படகுகள்) பல ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தன, அந்த நாட்களைப் பார்த்த யாரும் செயற்கைக்கோள் கருவி வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆபத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கிறவர் "சுகமா இருக்கேன், வர இன்னும் பத்து நாளாகும்" என்று வீட்டுக்குச் சொல்லவும், பிள்ளையின் குரலைக் கேட்கவும் என்ன வழி?

வழி நம்மிடமே இருக்கிறது. செல்போன் எட்டாத இடத்தில் எதிர்ப்படும் போட்டிடம் சேதி சொல்லி அனுப்புவது பழைய வழக்கம். கணினி வலையமைப்பிலும் இதே முறை உண்டு: செய்தியைச் சேமித்து, சுமந்து, அடுத்த கருவி பக்கத்தில் வரும்போது கைமாற்றுவது. சாதாரண இணையத்துக்கு இரு முனைகளும் அந்த நேரத்தில் இணைந்திருக்க வேண்டும், இதற்கு வேண்டாம். கர்நாடகத்தில் தொட்டபல்லாபுரம் பக்கம் பேருந்தில் வைஃபை கருவியை வைத்துக் கிராமங்களுக்கும் தாலுகா தலைமையிடத்துக்கும் இடையே இப்படித் தகவல் கொண்டுபோய்க் காட்டினார்கள், டாக்நெட் என்று பெயர்.

யாரிடம் கொடுப்பது என்பதுதான் சிக்கல். 2000இல் வாதத், பெக்கர் என்ற கணினி ஆய்வாளர்கள் சொன்ன முறையில் சந்திக்கும் எல்லோருக்கும் ஒரு நகல் போகும், சீக்கிரம் சேரும், ஆனால் கருவிகளின் நினைவகமும் பேட்டரியும் தாங்காது. அப்புறம் 2005இல் வந்த முறையில் நகல்களுக்கு அளவு வைத்தார்கள்: எட்டு என்றால் நாலை வைத்துக்கொண்டு நாலை அடுத்தவருக்குக் கொடு, அவரும் பாதி கொடுப்பார், கடைசி ஒன்று மிஞ்சினால் சேர வேண்டிய இடம் வரும்வரை காத்திரு. சிக்கனம்தான், ஆனால் நம் போட்டுகள் கூட்டமாகப் போகிறவை, எட்டு நகலும் அதே கூட்டத்துக்குள் சுற்றினால் என்ன பயன்? எந்த போட்டு எந்த நாளில் தேங்காப்பட்டணமோ கொச்சியோ திரும்புகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியும். அந்தத் தேதியைப் படகில் வைக்கும் கருவியில் பதிந்துவிட்டால், முதலில் கரை சேரும் போட்டுக்கே நகல் போகும்படி செய்யலாம்.

இன்னொன்று, மீன்பாடு உள்ள இடத்தை யாரும் அடுத்த போட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். அதனால் சுமக்கிறவர் திறக்க முடியாதபடி செய்தியைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஒருவரும் கருவியை ஏற்ற மாட்டார்கள்.

பத்துப் போட்டுகளில் ஆளுக்கொரு கருவியும், துறைமுகத்தில் ஒரு கருவியும் போதும். மீன்வளத் துறையும் நம் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து ஒரே ஒரு தங்கல் பயணத்துக்காவது இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மீனவக் குடும்பத்துப் பொறியியல் பட்டதாரி,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்