புகார்: டர்போ காருக்கான ஏர் இன்டேக் கிட்டின் விலையையும் நஷ்டஈட்டையும் கோருதல்

அனுப்புநர்: உங்கள் கிட்டை வாங்கிய வாடிக்கையாளர், பைபாஸ் ரோடு, மதுரை.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் காருக்கு விற்கப்பட்ட கூம்பு ஃபில்டர் இன்டேக் கிட் (என்ஜினுக்குக் காற்று போகும் ஃபில்டரும் குழாயும்), அதனால் வந்த பி 0171 கோளாறு (கலவையில் பெட்ரோல் குறைவு என்று என்ஜின் கணினி காட்டும் குறியீடு), பணம் திரும்பக் கோருதல்.

ஐயா,

வணக்கம். போனில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேனர் படங்களுக்கு நீல டிக் விழுகிறதே தவிர பதில் வரக் காணோம். அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து இதை மறுபடியும் கால் சென்டருக்குத் தள்ளாமல், உங்கள் குழாயின் உள்விட்டம் என்ன என்று தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள்.

அட்டைப்பெட்டியில் நீங்கள் அச்சிட்டிருப்பது: "15 குதிரைத்திறன் கூடும், டியூனிங் தேவையில்லை." இந்த ஒரு வரிக்காகத்தான் 28,500 ரூபாய், பொருத்துகூலி 2,500 தனி.

டர்போ என்ஜினில், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் என்ஜினில், காற்றின் அளவை முடிவு செய்வது ஈ.சி.யூ. என்கிற என்ஜின் கணினி. இந்த வேகத்தில் இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை), அதற்கு இவ்வளவு பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) என்று அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பூஸ்ட் வரும்வரை வேஸ்ட்கேட்டை, அதாவது டர்போவைச் சுழற்றும் புகையை வேறு வழியாக விடும் கதவை, மூடி வைக்கும், வந்ததும் திறந்துவிடும். முன்னால் இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் தாராளமாக மூச்சு விட்டால், வேஸ்ட்கேட் கொஞ்சம் முன்னதாகத் திறக்கும், அவ்வளவுதான். டர்போ இல்லாத என்ஜினில் தடை குறைந்தால் அந்த ஆதாயம் நேராக சிலிண்டருக்குப் போகும். இங்கே அதை ஈ.சி.யூ. சமன் செய்துவிடும். இது உங்களுக்குத் தெரியாததா? இந்தப் பொருளைத் தயாரிக்கிறவர்கள் நீங்கள்.

சரி, அளந்தே பார்ப்போம் என்று ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே மேனோமீட்டர் (அழுத்தமானி) குழாய் செருகி, ரிங் ரோட்டில் மூன்றாம் கியரில், முழு ஆக்ஸிலரேட்டரில், 5,500 சுற்றில் பார்த்தாயிற்று. காரோடு வந்த கம்பெனி பாக்ஸும் புது பேப்பர் ஃபில்டரும் இருக்கும்போது அழுத்தக் குறைவு 2.6 கிலோ பாஸ்கல். உங்கள் கிட்டில் 1.4. வித்தியாசம் 1.2. மதுரையின் வெளிக்காற்று அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 வரை ஏற்ற வேண்டிய டர்போ முன்பு 97.4-லிருந்து ஏற்றியது, இப்போது 98.6-லிருந்து ஏற்றுகிறது. அது ஏற்ற வேண்டிய அழுத்தத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் மிச்சம். 110 குதிரைத்திறன் என்ஜினில் 15 கூடுவது என்றால் கிட்டத்தட்ட 14 சதவீதம். மீதி எங்கிருந்து வரும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கூடவில்லை என்பதோடு போயிருந்தால் இவ்வளவு தூரம் எழுதமாட்டேன். கெட்டதுதான் பிரச்சினை.

உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் உட்காரும் இடத்தில் கம்பெனிக் குழாயின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். உங்கள் அலுமினியக் குழாயில் அதே இடத்தில் 76. வெர்னியர் வைத்து எடுத்த படம் இணைப்பில் இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவில் அது 18 சதவீதம். அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும், சென்சார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். குறைந்த காற்றுக்குக் குறைந்த பெட்ரோல், கலவை லீன், அதாவது பெட்ரோல் போதாத கலவை. ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடிக்க, ஈ.சி.யூ. ஃபியூல் ட்ரிம்மை, அதாவது பெட்ரோலைச் சரிக்கட்டும் சதவீதத்தை, ஏற்றிக்கொண்டே போகும். ஸ்கேனரில் நீண்டகால ட்ரிம் +18. 85-ஐ 100 ஆக்க கிட்டத்தட்ட 18 சதவீதம் கூட்ட வேண்டும், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதன்மேல் கிராங்க்கேஸ் ஆவிக் குழாய்க்கு (என்ஜினின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாய்) நீங்கள் கொடுத்த நிப்பிள் 19 மில்லிமீட்டர், காரின் ஹோஸுக்கு வேண்டியது 16. நடுவில் ஒரு ரப்பர் ரெட்யூசர் போட்டு கிளாம்ப் முறுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். புகைச் சோதனை செய்தால் அந்த ரப்பரின் விளிம்பிலிருந்து நூல் மாதிரி புகை எழும்புவது கண்ணால் தெரிகிறது. சென்சாரைத் தாண்டிய இடத்தில் அளக்கப்படாத காற்று புகுகிறது, ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, அதன் பங்கு பெரிது, ட்ரிம் 25-ஐத் தாண்டுகிறது, பி 0171 பதிவாகி எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

இதைப் போனில் விளக்கியபோது உங்கள் ஊழியர் சொன்னது: "ஈ.சி.யூ. தானா கத்துக்கும் சார், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டியும் விளக்கு அணையவில்லை. மறுபடி அழைத்தால் வேறொருவர்: "சார், டியூன் பண்ணாத்தான் பவர் வரும், 25,000 ஆகும்." அப்படியானால் பெட்டியில் டியூனிங் தேவையில்லை என்று ஏன் அச்சிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "மதுரைல எல்லாம் இத யாரு சார் ஆராய்ச்சி பண்றா, சவுண்ட் நல்லா வருதா, அத என்ஜாய் பண்ணுங்க" என்று சொல்லி லைனைத் துண்டித்தார். ஐயா, எங்கள் ஊரைச் சொன்னதை விடுங்கள், அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளர் மில்லிமீட்டர் கணக்கோடு பேசும்போது சத்தத்தைக் கேட்டுவிட்டு சும்மா இரு என்பதுதான் உங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பதிலா? அந்த அழைப்பின் பதிவை எடுத்து நீங்களே ஒருமுறை கேளுங்கள். அவர் வருத்தம் தெரிவிக்காமல் இந்தப் புகார் முடியாது.

சென்சார் விஷயம் இன்னும் முடியவில்லை. காற்று குறைவு என்று நம்பும் ஈ.சி.யூ., லோடும் (என்ஜின் சுமை) குறைவு என்று நினைத்து இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளும். உள்ளே உண்மையில் இருப்பது அதிகக் காற்று. சிலிண்டரில் கலவை முறைதவறி வெடிப்பதைக் கண்டறியும் நாக் சென்சார் அலறும், டைமிங் பின்வாங்கும். மூன்றாம் கியரில் அழுத்தினால் 4 டிகிரி பின்வாங்குவது பதிவாகியிருக்கிறது. அதாவது கூட்டித் தருவதாகச் சொன்ன பவரை உள்ளதிலிருந்தே எடுத்துவிட்டீர்கள்.

வெப்பத்துக்கு வருகிறேன். கம்பெனி பாக்ஸ் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. உங்கள் கூம்பு பானட்டுக்குள் திறந்து கிடக்கிறது. வெப்பத் தகடு என்று ஒன்று கொடுத்தீர்கள். அதன் ரப்பர் விளிம்புக்கும் பானட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. சித்திரை வெயிலில், வெளியே 40 டிகிரி, காளவாசல் சிக்னலில் நிற்கும்போது இன்டேக் வெப்பநிலை 66 டிகிரி. பழைய பாக்ஸில் 46. இந்த 20 டிகிரியில் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் இறங்கும். வண்டி ஓடத் தொடங்கினால் குறைகிறது, இன்டர்கூலரும் ஓரளவு ஆற்றித் தருகிறது, உண்மைதான். ஆனால் ஊருக்குள் எந்த வண்டி சிக்னல் இல்லாமல் ஓடுகிறது?

தூசி இன்னொன்று. மேலூர் பக்கம் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் போகிற வண்டிக்கு ஃபில்டர்தான் உயிர். உங்கள் பருத்தி வலை ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்புறமுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால், விபூதி தொட்ட மாதிரி நுண்ணிய சாம்பல் நிறத் தூள் படிகிறது. கம்பெனிக் குழாயில் துடைத்த துணியில் எதுவும் இல்லை. இரண்டு துணிகளையும் கவரில் வைத்திருக்கிறேன். டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, அலுமினியம், இது கல்தூள். எண்ணெய் விடும் அளவையும் உங்கள் தாளில் எழுதவில்லை. "தாராளமாக" என்று இருக்கிறது. தாராளமாக விட்டால் அது பறந்து போய் எம்.ஏ.எஃப். இழையில் ஒட்டும். மடிப்புக்கு மடிப்பு மெல்லிய கோடாக விட்டு, 20 நிமிடம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைக்க வேண்டும் என்று எழுத ஒரு வரிகூடவா இடமில்லை?

கோயம்புத்தூருக்கு அலைக்கழித்ததைச் சொல்லாமல் விட முடியாது. "வண்டியோட வாங்க, இன்ஜினியர் பார்ப்பார்" என்றீர்கள். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கே இன்ஜினியர் இல்லை. ஒரு பையன் ஸ்கேனரைச் செருகி கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு "ரெடி சார்" என்றான். பானட்டைத் திறக்கக்கூட இல்லை. திரும்பி வரும்போது தாராபுரத்திலேயே அது நிலுவைக் குறியீடாக (விளக்கு எரியும் முன் வரும் முதல் பதிவு) மறுபடி பதிவாகிவிட்டது. ஒரு நாள் வேலை, பெட்ரோல், டோல், எல்லாம் ஒரு பட்டனை அமுக்கிக் காட்டுவதற்கு!

இப்போது பழைய பாக்ஸை மாட்டியாயிற்று. ட்ரிம் +3-க்குள் வந்துவிட்டது. அதே பெட்ரோல், அதே சாலை. இதைவிட நிரூபணம் வேண்டுமா? ஆனால் டர்போவுக்குள் போன தூசி போனதுதான். என் டர்போவின் ஆயுளில் எவ்வளவு போயிற்று என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டிலேயே வெளி இன்டேக் என்று எழுதிவிட்டார்கள், நாளை டர்போ போனால் அதைக் காட்டி வாரண்டியை மறுக்கக்கூடும். 

இன்டேக்கே வீண் என்று நான் சொல்லவில்லை. பெரிய டர்போ போட்டு, ஈ.சி.யூ.வை மறுபடி டியூன் செய்து, கம்பெனி பாக்ஸால் தர முடியாத அளவு காற்று தேவைப்படும் வண்டிக்கு, மூடிய பாக்ஸும் குளிர்காற்று வழியும் சரியான சென்சார் விட்டமும் உள்ள இன்டேக் பயன்படும். அதைப் பெட்டியில் எழுதி விற்றால் யார் குறை சொல்லப் போகிறார்கள்?

உங்கள்மேல் இன்னும் மரியாதை வைத்துத்தான் கேட்கிறேன். கிட்டின் விலையும் பொருத்துகூலியும் சேர்த்து 31,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். டர்போவைக் கழற்றி, சக்கரத்தின் விளிம்பும் ஷாஃப்ட் ஆட்டமும் பார்க்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். எம்.ஏ.எஃப். உள்ள கார்களுக்கு இந்த 76 மில்லிமீட்டர் குழாயை விற்பதை நிறுத்துங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மதுரை மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்போது கோயம்புத்தூரிலிருந்து நீங்கள்தான் வர வேண்டியிருக்கும். தவறான விளம்பரம் என்பதற்கு உங்கள் அட்டைப்பெட்டியே சாட்சி, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த நிலைக்குப் போக வேண்டாம் என்றே விரும்புகிறேன். கிட்டைக் கழுவி, போல்ட் உட்பட எல்லாப் பாகங்களோடும் கட்டி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். கொரியர் செலவு என்னுடையது அல்ல.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: பில் நகல், ட்ரிம் பதிவுகள், வெர்னியர் படங்கள், ஜாப் கார்டு நகல்.