காரைக்குடி, பழைய அரிசி ஆலைப் பூங்கா: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருணியில் ஆகாயத்தாமரையை அள்ளினோம். தெருவிளக்கு மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கியது தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த அரிசி ஆலைதான். பூங்காவாக்கும் தீர்மானம் ஒரே மாலையில் நிறைவேறியது. பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க எட்டு மாதம் ஆயிற்று. ஒருவர் மதுரையில், ஒருவர் பினாங்கில். உள்ளூரிலேயே இருக்கும் இருவருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

சாவி கைக்கு வந்ததும் பலர் வேம்பும் புங்கனும் நட அவசரப்பட்டார்கள். நான் தடுத்தேன், வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. எஞ்சின் அறைக்குப் பின்னால் கழிவு எண்ணெய் கொட்டிய இடத்தில், மழைக்குப் பிறகும் அருகம்புல்கூட முளைக்கவில்லை. கையில் எடுத்துக் கசக்கினால் மண் தார்போல் ஒட்டியது.

அமெரிக்காவின் சியாட்டிலில் 1956இல் மூடிய எரிவாயு ஆலை 1975இல் பூங்காவாயிற்று. வடிவமைத்த ரிச்சர்ட் ஹாக், கழிவுநீர்ச் சேறும் மரத்தூளும் கலந்து உழுது, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருகவிட்டார். அப்படியும் நஞ்சு முழுதாகத் தீராமல், பின்னாளில் மறுபடி சுத்தம் செய்தார்கள். அதே ஊரில் பழைய எண்ணெய்க் கிடங்கு நிலத்தில் 1,20,000 டன்னுக்கு மேல் கெட்ட மண்ணை அகற்றிய பிறகே, 2007இல் 9 ஏக்கர் ஒலிம்பிக் சிற்பப் பூங்கா திறந்தது. நமக்கு அந்த வசதி ஏது? எண்ணெய்த் திட்டுக்கு வேலி போட்டு, சாணமும் மக்கிய உமியும் கலந்து கொத்திவருகிறோம். பிள்ளைகளை அங்கே விடாதீர்கள்.

நெற்களத்தைச் சுற்றித் திண்ணை கட்டி, உடைந்த ஆத்தங்குடிக் கற்களைப் பதித்தோம். மண்குதிரை கேட்டு, மண்பாண்டம் வனையும் வேளாரிடம் போனோம். “புரவி ஐயனாருக்கு நேர்ந்து செய்வது. வேடிக்கைக்குச் செய்து தர மாட்டேன்” என்றார். நாங்கள் விழித்து நிற்க, “நெல் காய்ந்த களத்தில் குதிர் வையுங்களேன்” என்றவரும் அவரே. நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மண் குதிர்கள் ஐந்து இப்போது களத்தில் நிற்கின்றன. நான்காவதில் அணில் குடியேறிவிட்டது.

புகைபோக்கியை இடிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் நின்றுபோன இரும்பாலையில், இரும்பு உருக்கிய ஊதுலைமேல் இன்று மக்கள் ஏறி ஊரைப் பார்க்கிறார்கள் என்று நான் வாதாடினேன். ஆனாலும் நம்முடையதில் விரிசல் தெரிகிறது. பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பக்கக் கதவின் சாவி என்னிடமே இருக்கும். யார் கேட்டாலும் தருவதாக இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்