எந்தச் சிப்பி, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பவளத்தொட்டிக் கட்டுரையில் ஒரு வரி: "ராட்சத சிப்பிகள் மிக மெதுவாகத்தான் வளரும், சிறிய தொட்டியே ஆயுளுக்கும் போதும்." எந்தச் சிப்பி, ஐயா? உங்களுக்குத் தெரியாததா? குரோசியா என்ற இனம் முழுதாக வளர்ந்தாலும் 15 செ.மீ. அளவுதான். டெராசா 60 செ.மீ. வரை போகும். ஜிகாஸ் ஒரு மீட்டரையும் தாண்டி, 200 கிலோவுக்கு மேல் கனக்கும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி எழுதிவிட்டீர்கள்.

என் தொட்டியில் டெராசாவையும் குரோசியாவையும் ஒரே நாளில் விட்டேன். இரண்டும் அப்போது 6 செ.மீ. மாதம் பிறந்தால் ஸ்கேலைத் தண்ணீருக்குள் விட்டு அளந்து நோட்டில் குறித்துவிடுவேன் (வீட்டில் இதற்குக் கேலி உண்டு). அதே விளக்கு, அதே தண்ணீர். இரண்டரை வருடத்தில் டெராசா 19 செ.மீ., குரோசியா இன்னும் 8-ஐத் தொடவில்லை. நடுவில் ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டைக் காட்டும் அளவு) இரண்டே வாரத்தில் 8.5-லிருந்து 6-க்கு இறங்கியது. டெஸ்ட் கிட்தான் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினேன், அதுவும் 6 என்றது. அப்புறம்தான் டெராசாவின் ஓட்டு விளிம்பில் பளிச்சென்று வெள்ளையாக ஓடிய புது வளர்ச்சியைக் கவனித்தேன். ஓடு கட்ட வேண்டிய கார்பனேட்டையும் கால்சியத்தையும் தண்ணீரிலிருந்துதானே எடுக்க வேண்டும்? 'மெதுவாக' வளர்கிற பிராணி செய்த வேலை அது.

இது முதல் முறையும் இல்லை. இரண்டு வருடம் முன்பு அட்டைப்படத்தில் இருந்த மாக்ஸிமா என்ற வேறோர் இனத்துக்குக் குரோசியா என்று பெயர் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. அதற்கும் முன்னால், சிப்பிக்கு உணவாக தினமும் பிளாங்டன் (மிதக்கும் நுண்ணுயிர்கள்) புட்டியை ஊற்றச் சொன்னீர்கள். ஊற்றினேன். கண்ணாடியில் பாசிதான் தழைத்தது. மேன்டிலில் (ஓட்டுக்குள்ளிருந்து விரியும் சதை மடிப்பில்) குடியிருக்கும் பாசிதான் சிப்பிக்குப் பெரும்பங்கு சோறு போடுகிறது, அதற்கு வெளிச்சம்தான் வேண்டும் என்று அப்போதும் எழுதினேன். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் வந்தது. அதில் என் பெயரிலும் பிழை.

சரி, போகட்டும். உங்கள் கட்டுரையை நம்பிச் சின்னத் தொட்டியில் டெராசாவை விடப்போகிறவருக்காகவாவது, அடுத்த இதழில் ஒவ்வொரு இனத்தின் பெயரையும் முழு வளர்ச்சி அளவையும் இரண்டு வரியில் போடுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்

(பெயரை வெளியிட வேண்டாம். இந்த முறையும் எப்படி அச்சாகுமோ!)