செயலாளரின் ஆண்டறிக்கை: கற்சிலுவைகள் பார்த்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. டப்ளினிலேயே இருந்துகொண்டு அயர்லாந்தின் பழைய மடாலயங்களில் நிற்கும், உருவங்கள் செதுக்கிய கற்சிலுவைகளைப் பார்க்காமலிருக்கிறோமே என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறை தீர்ந்தது.

முதலில் போனது லௌத் கவுண்டியிலுள்ள மொனாஸ்டர்பாய்ஸ் என்ற பழைய மடாலயம். மதியம் வர வேண்டிய வேன் ஒன்றரை மணி நேரம் தாமதம். வாடகையில் கழிக்கச் சொல்லி எழுதினோம், பதில் இல்லை. ஆனால் அந்தத் தாமதம் நமக்கு லாபம்தான். சாய்ந்த வெயில் சிலுவையின் மேற்கு முகத்தில் விழுந்து, உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் உருவங்கள் நிழலோடு எழும்பி நின்றன.

அங்குள்ள மூரிதாக் சிலுவை சுமார் 5.5 மீட்டர் உயர மணற்கல். உச்சியில் ஓடு வேய்ந்த குட்டி வீடு போல ஒரு கல். மேற்கு முகத்தின் அடியில் இரண்டு பூனைகள். ஒன்று தன் குட்டியை நக்கிக்கொண்டிருக்கிறது. அவற்றைச் சுற்றிப் பழைய ஐரிஷில் ஒரு வரி: இச்சிலுவையைச் செய்வித்த மூரிதாக்குக்காக ஒரு செபம். இவர் 10ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மடாதிபதி என்பது பலருடைய கருத்து. கிழக்கு முகத்தில் இறுதித் தீர்ப்பு. அதிதூதர் மிக்கேல் ஆன்மாவைத் தராசில் நிறுக்க, கீழே கிடக்கும் சாத்தான் தட்டைத் தன் பக்கம் சாய்க்கப் பார்க்கிறான். "கடைக்காரர் ஏமாத்துறாரு" என்று ஒரு குழந்தை சொல்ல, விளக்கிக்கொண்டிருந்த எனக்குப் பேச்சே நின்றுவிட்டது.

சிலுவையின் தண்டையும் கைகளையும் இணைக்கும் வளையம் கைகளைத் தாங்கவா, அடையாளமா என்று இரு உறுப்பினர்கள் திரும்பும் வழியெல்லாம் வாதிட்டனர். முடிவு எட்டவில்லை. காகிதம் வைத்துத் தேய்த்து உருவங்களைப் படியெடுக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. தேய்மானம் ஏற்கெனவே போதும்.

இரண்டாவது பயணம் ஷானன் ஆற்றங்கரையில் குளோன்மக்னாய்ஸ் என்ற இன்னொரு பழைய மடாலயம். மூலச் சிலுவைகள் 1990களில் அங்குள்ள பார்வையாளர் மையத்துக்குள் மாற்றப்பட்டு, வெளியே நிற்பவை நகல்கள். "நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்ற முணுமுணுப்பு என் காதிலும் விழுந்தது. உள்ளே போய், மன்னர் ஃபிளானின் பெயர் இருந்த வரி மழையில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தபின் அது அடங்கியது.

கில்டேரின் மூன் சிலுவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. கருங்கல்லில், பன்னிரு சீடர்கள் சதுர உடம்போடு வரிசையாக நிற்பார்கள். வர விரும்புவோர் இன்றே என்னிடம் பெயர் கொடுக்கவும். வேன் வேறு இடத்தில் பேசியாகிவிட்டது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.